ஒரே இலை, ரெண்டு பதில்

ராத்திரி எட்டு மணி. பக்கத்து ஸீட் இளைஞன் வியர்த்துப்போய் வந்தான். ‘‘ஸார், ஒரே நெல் இலை போட்டோ. முதல் தடவை குலை நோய்ங்குது, அடுத்த தடவை நல்லா இருக்குங்குது. காலைல டெமோ!’’

டெமோ கிடக்கட்டும். இதை நம்பி ஒரு விவசாயி மருந்தடிக்காமல் விட்டால்?

பைடார்ச்சில் மாடல் என்பது ஓர் ஆப்ஜெக்ட். ‘படிக்கிறேனா, பரீட்சை எழுதுகிறேனா’ என்று அதற்குள் ஒரு ஞாபகம் உண்டு. பிறக்கும்போது படிக்கிற நிலை. அப்போது ‘டிராப்அவுட்’ அடுக்கு, வெறும் மனப்பாடத்தைத் தடுக்க, சில நியூரான்களைச் சீட்டுக் குலுக்கித் தூங்க வைக்கும். சொல்லாமல் விட்டால் சுமார் பாதியை! (ஹின்டன் குழுவினர் 2014-ல் விரிவாக எழுதினார்கள்.) விழித்திருக்கும் ஆட்கள் மாறினால் பதிலும் மாறும்.

‘‘இவால் கூப்பிட்டியா?’’

‘‘கூப்பிட்டேனே ஸார்!’’

‘‘எந்த ஆப்ஜெக்ட்டை?’’

விழித்தான். ஒவ்வொரு போட்டோவுக்கும் புது ஆப்ஜெக்ட் பிறந்துகொண்டிருந்தது. சேமித்த எடைகளை ஏற்றினாலும் அந்த நிலை மாறாது. அவன் பரீட்சைக்கு அனுப்பியது பழைய ஆப்ஜெக்ட்டை!

ஒரு வரியை இடம் மாற்றினோம். இருபது தடவையும் ஒரே பதில். பையன் முகத்தில் சிரிப்பு.

‘‘சரிப்பா, அந்த இலைக்கு நிஜமா என்ன நோய்?’’

சிரிப்பு நின்றது.