பட்டாளத்துப் பணத்தை மரச்செக்கில் போடலாமா?

“என் கணவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருக்கிறார். அடுத்த வருடம் ஓய்வு பெற்று ஊருக்கு வருகிறார். எங்களுக்கு 2 ஏக்கரில் மானாவாரி நிலக்கடலை உண்டு. வரும் பணம் மொத்தத்தையும் போட்டு மரச்செக்கு எண்ணெய்த் தொழில் தொடங்கப்போவதாகச் சொல்கிறார். வியாபாரத்தில் அவருக்கு அனுபவம் இல்லை. பணம் முடங்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. படையிலிருந்து வருபவர்களுக்குத் தொழில் கற்றுத்தர ஏற்பாடு ஏதும் உண்டா?”

- ஒரு வாசகி, குடியாத்தம்.

வேலூர் மாவட்டத்தில் பல வீடுகளில் இருக்கும் கேள்வி இது. கணியம்பாடி பக்கமுள்ள கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே சொல்வார்கள். இருபது வயதுக்குள் படைக்குப் போகிறவர், 40 வயதை ஒட்டி ஊர் திரும்புகிறார். பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும் நேரம் அது. பென்ஷன் வந்தாலும் சம்பளம் அளவுக்கு வராது. அதனால், தொழில் தொடங்க நினைப்பது நல்ல யோசனைதான். ஆனால், முதலில் இயந்திரம், பிறகு பயிற்சி என்று போனால்தான் சிக்கல். முதலில் கற்க வேண்டும். கடைசியில்தான் செக்கு வாங்க வேண்டும்.

2 ஏக்கர் கடலை எத்தனை நாள் ஓடும்?

மானாவாரியில் ஏக்கருக்கு 700 கிலோ காய் என்று வைத்துக்கொண்டால், 2 ஏக்கருக்கு 1,400 கிலோ. உடைத்தால் ஏறக்குறைய 950 கிலோ பருப்பு கிடைக்கும். ஒரு நாளைக்கு 100 கிலோ ஆட்டும் செக்காக இருந்தால், சொந்தக் கடலை பத்தே நாளில் தீர்ந்துவிடும். மீதி நாள்களுக்குப் பருப்பை விலைகொடுத்துத்தான் வாங்க வேண்டும். 100 கிலோ பருப்புக்குச் சுமார் 40 கிலோ எண்ணெய் வரும். மீதி பெரும்பாலும் புண்ணாக்கு. பருப்பின் தரம், ஈரப்பதத்தைப் பொறுத்து இது கூடும், குறையும்.

ஆக, இந்தத் தொழிலில் பெரிய செலவு செக்கு அல்ல, பருப்புக் கொள்முதல். அறுவடைக் காலத்தில் விலை இறங்கும்போது வாங்கி இருப்பு வைக்கக் கையில் பணம் வேண்டும். ஓய்வுப் பணம் முழுவதையும் கட்டடத்திலும் இயந்திரத்திலும் போட்டுவிட்டால், பருப்பு வாங்க வட்டிக்குத்தான் போக வேண்டியிருக்கும். பலருக்குப் பணம் முடங்குவது இந்த இடத்தில்தான்.

படை கற்றுத்தந்ததும் கற்றுத்தராததும்

நேரம் தவறாமை, இருப்புக் கணக்கு, இயந்திரப் பராமரிப்பு, ஆட்களை வேலை வாங்குவது ஆகியவை ஒரு ஹவில்தாருக்குப் பழகிய விஷயங்கள். எண்ணெய் ஆலைக்கு இவை எல்லாமே தேவை. ஆனால், விலை பேசுவது, கடன் கேட்கும் உறவினரிடம் மறுப்பது, சரக்கை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறுவது ஆகியவை அங்கே பழகாதவை. உத்தரவு போட்டால் வேலை நடக்கும் இடத்திலிருந்து, வாடிக்கையாளர் ‘வேண்டாம்’ என்றாலும் சிரித்தபடி நிற்க வேண்டிய இடத்துக்கு அவர் வருகிறார். அதற்குக் கொஞ்ச காலம் பிடிக்கும்.

இத்தனை வருடம் கடலையை விளைவித்து, விலை பேசி விற்றது வீட்டில் இருந்தவர். சந்தை நிலவரம் தெரிந்தவர் அவர்தான். எனவே, கொள்முதலும் வரவு செலவுக் கணக்கும் மனைவி பொறுப்பில் இருந்தால் தொழிலுக்கு நல்லது. பயிற்சிக்கும் இருவருமே போக வேண்டும்.

எங்கே கற்கலாம்?

மத்தியப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் மறுவாழ்வு இயக்குநரகம் (டி.ஜி.ஆர்.) இருக்கிறது. ஓய்வுபெறும் நிலையில் உள்ள படைவீரர்களுக்குத் தொழிற்பயிற்சிகளை நடத்துகிறது. சிப்பாய் முதல் ஜே.சி.ஓ. வரை உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. சர்வீஸில் இருக்கும்போதே யூனிட் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். எனவே, அவர் ஊருக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது. இந்த மாதமே யூனிட்டில் கேட்பது நல்லது.

ஊரில், விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விளைபொருள் மதிப்புக்கூட்டல் பயிற்சி எப்போது நடக்கிறது என்று விசாரிக்கலாம். வங்கிகள் நடத்தும் கிராமப்புறச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி மையங்களில் (ஆர்செட்டி) பயிற்சி இலவசம். வயது வரம்பு இருப்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும்.

கடனுக்கு, தமிழக அரசின் ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டம் இருக்கிறது. முன்னாள் படைவீரர்களுக்காக 2024 சுதந்திர தினத்தன்று அறிவிக்கப்பட்டது. 1 கோடி ரூபாய் வரையிலான வங்கிக் கடனுக்கு 30 சதவிகித மூலதன மானியமும், 3 சதவிகித வட்டி மானியமும் உண்டு. திறன் பயிற்சியும் இதில் அடக்கம். விவரங்களுக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகவும். ஒரு எச்சரிக்கை: மானியம் கிடைக்கிறது என்பதற்காகத் தேவைக்கு மேல் கடன் வாங்கக் கூடாது. மானியம் போக மீதியை வட்டியோடு கட்ட வேண்டியது நீங்கள்தான்.

மூன்று மாத ஒத்திகை

செக்கு வாங்கும் முன், பக்கத்தில் கூலிக்கு ஆட்டித்தரும் செக்கில் உங்கள் பருப்பில் 100 கிலோவைக் கொடுத்து ஆட்டிப்பாருங்கள். அந்த எண்ணெயைத் தெரிந்தவர்களுக்கு ரொக்கத்துக்கு விற்றுப்பாருங்கள். பருப்பின் சந்தை விலை, ஆட்டுக்கூலி, பாட்டில், போக்குவரத்து, புண்ணாக்கு விற்ற வரவு என அத்தனையையும் நோட்டில் எழுதுங்கள். உங்கள் இருவரின் உழைப்புக்கும் கூலி போட்டுக்கொள்ளுங்கள். மூன்று மாதம் இப்படிச் செய்தால், எத்தனை பேர் இரண்டாவது முறை தேடி வந்து வாங்குகிறார்கள் என்பது தெரியும். அந்த எண்ணிக்கைதான் முடிவைச் சொல்லும்.

பூசணம் பிடித்த பருப்பை ஒன்றுவிடாமல் பொறுக்கி நீக்குங்கள். அதில் இருக்கும் அஃப்லாடாக்சின் நஞ்சு எண்ணெயைக் கெடுப்பதோடு, புண்ணாக்கு வழியாக மாட்டுக்கும் பாலுக்கும் போகும். விற்பனையைத் தொடங்கும் முன் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அவசியம்.

ஓய்வுப் பணம் வந்ததும் முதலில் பிள்ளைகளின் படிப்புக்கும், ஒரு வருடக் குடும்பச் செலவுக்கும் தனியாக வங்கியில் போட்டுவிடுங்கள். நிலத்தை அடமானம் வைக்க வேண்டாம். ஒத்திகைக் கணக்கில் லாபம் நின்றால், மீதிப் பணத்தில் சிறிய செக்காக வாங்கலாம். நிற்கவில்லை என்றால், போனது ஒரு மூட்டைப் பருப்புதான். கணவரின் இத்தனை வருட உழைப்பு பத்திரமாக இருக்கும்.