பள்ளிக்கூடக் காசுக்கு யார் காவல்?

கோயில் திருவிழாக் கணக்கில் நூறு ரூபா பிசகினாலும் ஊர் கூடி வழக்காடுகிற மரபு எங்களுடையது. யாழ்ப்பாணத்தில் தர்மகர்த்தா சபை வழக்குகள் தலைமுறை கடந்தும் நடந்திருக்கின்றன. ஆனால் அதே ஊர், தன் பிள்ளைகள் படிக்கின்ற பள்ளிக்கூடத்துக்கு ஓராண்டில் எவ்வளவு பணம் வந்தது, எங்கிருந்து வந்தது, எதற்குச் செலவானது என்று கேட்பதில்லை. கேட்பவனைக் ‘குழப்பவாதி’ என்று ஒதுக்கிவைக்கவும் தயங்குவதில்லை.

உடுப்பிட்டியை முன்வைத்தே இதை எழுதுகிறேன். வல்வெட்டித்துறைக்கும் நெல்லியடிக்கும் இடையே, கல்வியைத் தன் அடையாளமாகக் கொண்டு வாழ்ந்த ஊர் அது. அமெரிக்க மிஷன் கல்லூரியும் மகளிர் கல்லூரியும் அதன் பெயரை உலகெங்கும் கொண்டுசென்றன. எந்தப் பாடசாலையின் மீதும் எந்த அதிபரின் மீதும் குற்றஞ் சுமத்துவது என் நோக்கமன்று. களவு நடக்கவில்லை என்று நிரூபிக்க விரும்பும் நேர்மையான அதிபருக்குக்கூட அதற்கான ஓர் இடத்தை நாம் அமைத்துக் கொடுக்கவில்லை என்பதே என் வழக்கு.

ஒரு மாகாணப் பாடசாலைக்குள் பணம் நுழையும் வாசல்களை எண்ணிப் பாருங்கள். முதலாவது, ஆசிரியர் சம்பளம். மாகாணக் கல்விச் செலவின் மிகப் பெரும்பகுதி இதற்கே போகிறது. பாடசாலையின் கைக்கு இது வருவதில்லை. இரண்டாவது, கற்றல் கற்பித்தலுக்கான தர உள்ளீட்டு நிதி. 2000ஆம் ஆண்டளவில் அலகுச் செலவு முறை புகுத்தப்பட்டதிலிருந்து, பெருமளவுக்கு மாணவர் தொகையை வைத்து இது கணிக்கப்படுகிறது. மூன்றாவது, கட்டடத்துக்கும் தளபாடத்துக்குமான மூலதன நிதி. இது மத்திய அமைச்சிலிருந்து வரலாம், மாகாணத்திலிருந்து வரலாம், வெளிநாட்டுக் கடன் திட்டங்களிலிருந்து வரலாம், நாடாளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதியிலிருந்தும் வரலாம். நான்காவது, பாடசாலை அபிவிருத்திச் சங்கம் பெற்றோரிடம் திரட்டுவது. ஐந்தாவது, லண்டனிலிருந்தும் ரொறொன்ரோவிலிருந்தும் பழைய மாணவர்கள் அனுப்புவது.

ஐந்து வாசல்களுக்கும் ஐந்து பேரேடுகள். சம்பளக் கணக்கு வலயத்தில், கட்டடக் கணக்கு வேறு திணைக்களத்தில், சங்கத்தின் கணக்கு பாடசாலை அலுமாரியில், வெளிநாட்டுப் பணத்தின் கணக்கு கடல் கடந்து ஒரு பொருளாளரின் கணினியில். கணக்காய்வு இல்லை என்று சொல்ல முடியாது, உண்டு. ஆனால் அந்த அறிக்கை மேல்நோக்கியே போகும். ஊரை நோக்கி வராது. ஐந்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் மேசை இந்த வட்டாரத்தில் எங்கும் கிடையாது.

இதன் விளைவு என்ன? ஓர் உதாரணம் சொல்கிறேன். எந்தப் பாடசாலையையும் குறிப்பதன்று. ஒரு நன்கொடையாளர் கணினி கொடுக்கிறார். அடுத்த ஆண்டு மாகாணத் திட்டமும் அதே பாடசாலைக்குக் கணினி கொடுக்கிறது. நவீன வகுப்பறை திறந்துவைக்கப்படுகிறது. நாடா வெட்டும் படம் பத்திரிகையில் வருகிறது. கூடிப்போன மின்கட்டணத்தை யார் கட்டுவது என்ற கேள்வி எழும்போது பெற்றோரிடம் துண்டு வருகிறது. மண்டபத்துக்குப் பெயர்ப்பலகை வைக்க ஆள் உண்டு. மலசலகூடத்தைத் துப்புரவாக வைத்திருக்கும் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் கொடுக்க ஆளில்லை.

இதைவிடப் பாரதூரமான விளைவு ஒன்று உண்டு. அயலிலுள்ள சிறிய ஆரம்பப் பாடசாலையை எண்ணிப் பாருங்கள். அங்கே ஐந்தாந் தரம் வரை படித்த பிள்ளை ஆறாந் தரத்தில் பெரிய கல்லூரிக்குப் போகிறது. பிற்காலத்தில் அது வெளிநாடு போய்ச் சங்கம் அமைத்தால் கல்லூரியின் பெயரில்தான் அமைக்கும். எழுத்தறிவித்த பள்ளிக்கூடத்துக்குப் பழைய மாணவர் சங்கம் இல்லை. மாணவர் தொகை குறையக் குறைய அரசின் தலைக்கணக்கு நிதியும் குறைகிறது. நிதி குறைய, வசதியுள்ள பெற்றோர் பிள்ளையை வேறிடம் மாற்றுகிறார்கள். கடைசியில் அங்கே மிஞ்சுவது போக்கிடமற்ற ஏழையின் பிள்ளை. பிறகு ஒருநாள் ‘மாணவர் தொகை போதாது’ என்று கதவு மூடப்படுகிறது. இதைத் திட்டமிட்டுச் செய்தவர் ஒருவருமில்லை. முழுக் கணக்கையும் பார்க்க ஒருவரும் இல்லாததால் தானாக நடக்கின்ற அநீதி இது.

இது எப்படி வந்தது என்பதைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். பிடியரிசி சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்திய வரலாறு எங்களுக்கு உண்டு. உலையில் போடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துவைத்த பெண், அந்தப் பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது என்று கேட்கும் உரிமையையும் எடுத்துக்கொண்டாள். ஆங்கிலேயர் ஆட்சியில், 1906இலும் 1907இலும் வந்த பாடசாலைக் கட்டளைச் சட்டங்கள் நகரத்திலும் கிராமத்திலும் கல்வியை உள்ளூர் அமைப்புகளின் பொறுப்போடு பிணைக்க முயன்றன. உதவி பெறும் பாடசாலைகளுக்கு அரசு மானியம் கொடுத்தது. முகாமையாளர் என்று ஒருவர் இருந்தார். நல்லவரோ கெட்டவரோ, கேள்வி கேட்பதற்கு ஊரில் ஒரு முகவரி இருந்தது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. முகாமைகளின் கதவுகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறக்கவில்லை. வடமராட்சியின் தேவரையாளியில் கா. சூரன் 1914இல் ஒரு சைவ வித்தியாசாலையைத் தொடங்க வேண்டி வந்ததே, ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு மற்றக் கதவுகள் அடைபட்டிருந்ததால்தான். ஆகவே 1945இல் வந்த இலவசக் கல்வியும், 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் ஆகியவற்றின் மூலம் நடந்த பாடசாலைச் சுவீகரிப்பும் தமக்குரிய நியாயத்தோடுதான் வந்தன. உடுப்பிட்டியின் மிஷன் பாடசாலைகளும் அரச பாடசாலைகளாயின. ஆனால் முகாமையாளரின் நாற்காலியை அகற்றிய அரசு, அந்த இடத்தில் ஊரின் பிரதிநிதியை இருத்தவில்லை. கேள்விக்குரிய முகவரி கொழும்புக்கு மாறிற்று.

1987இல் 13ஆவது திருத்தம் வந்தது. தேசிய பாடசாலைகள் தவிர்ந்த ஏனையவை மாகாணத்துக்கு என்றானது. வடக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்ததோ 2013 செப்டெம்பரில். அந்தச் சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் எங்கள் மாகாணக் கல்வி நிதிக்கு மக்கள் தெரிவு செய்த காவலர் ஒருவரும் இருக்கவில்லை. ஆளுநரும் அதிகாரிகளுமே இருந்தார்கள். பிரதேச சபைகளின் கதையும் பெரிதாக வேறன்று. 2018இல் தெரிவானவை 2023 மார்ச்சில் கலைந்தன. அடுத்த தேர்தல் 2025 மே 6ஆந் திகதிதான் நடந்தது. இடைப்பட்ட ஈராண்டும் செயலாளர்களின் ஆட்சி.

2006ஆம் ஆண்டு முதல் பாடசாலை மட்ட முகாமைத்துவம் என்ற பெயரில் ஒரு சீர்திருத்தம் படிப்படியாகப் புகுத்தப்பட்டது. அதிபர், ஆசிரியர், பெற்றோர், பழைய மாணவர் ஆகியோரைக் கொண்ட பாடசாலை அபிவிருத்திக் குழு முடிவெடுக்கும் என்றார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் அதிபரே தலைவர்; கணக்கை வைப்பதும் அவருக்குக் கீழ் வேலை செய்பவர்; கேள்வி கேட்க வேண்டியவரோ, நாளை தன் பிள்ளையின் நற்சான்றிதழுக்கு அதே அதிபரின் கையொப்பத்தை நாடி நிற்கும் பெற்றோர். பிரதேச சபைக்கு அந்த மேசையில் உரிமையான நாற்காலி கிடையாது.

சோலைவரி அறவிடும் சபை, பாடசாலை வாசலின் ஒழுங்கையைத் திருத்தும் சபை, குப்பையை அள்ளும் சபை, சனசமூக நிலையத்தையும் நூலகத்தையும் பார்க்கும் சபை, பாடசாலை மதிலுக்கு உள்ளே வந்ததும் அந்நியமாகிவிடுகிறது. விளையாட்டுப் போட்டிக்குத் தவிசாளர் விருந்தினராக வரலாம், மாலை போடுவார்கள். கணக்குக் கேட்க வரலாகாது.

மற்ற இடங்களில் என்ன செய்கிறார்கள்? இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சியின் தெரிவு செய்யப்பட்ட பிரதிநிதிகளும் பெற்றோரும் ஆசிரியரும் இருக்க வேண்டும் என்கிறது. நாலில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். அரசிடமிருந்தோ உள்ளாட்சியிடமிருந்தோ வந்த மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதை அக்குழுவின் கடமையாகவே சட்டம் எழுதி வைத்திருக்கிறது. நடைமுறையில் குறைகள் பல உண்டு. ஆனால் கேட்கும் உரிமை எழுத்தில் இருக்கிறது.

இங்கிலாந்தில், 2002ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தைத் தொடர்ந்து, கல்விப் பொறுப்புடைய ஒவ்வோர் உள்ளூராட்சி அதிகார சபையும் ஒரு பாடசாலை மன்றத்தை வைத்திருக்க வேண்டும் என்றானது. ஆரம்பப் பாடசாலைகளும் இடைநிலைப் பாடசாலைகளும் மாணவர் தொகைக்கேற்ற விகிதத்தில் அதில் அமர்கின்றன. பணத்தைப் பங்கிடும் சூத்திரத்தை மாற்றுவதற்கு முன் சபை மன்றத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும். சில செலவுகளுக்கு மன்றத்தின் சம்மதமே வேண்டும். கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. ஆவணங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. மன்றம் இருப்பதால் பணம் பெருகிவிடவில்லை. விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான செலவில் அங்குள்ள பல சபைகள் பெரும் பற்றாக்குறையில் சிக்கியிருக்கின்றன. ஆனால் பற்றாக்குறை எவ்வளவு என்பது ஊருக்குத் தெரியும்.

லண்டனில் வாழும் எங்கள் மக்களிடம் ஒன்று கேட்கிறேன். அங்கே உங்கள் பிள்ளையின் பாடசாலை வரவுசெலவைக் கேட்டுப் பெறுகிறீர்கள். சிலர் பாடசாலை ஆளுநர் சபைகளிலும் அமர்ந்திருக்கிறீர்கள். உடுப்பிட்டிக்கு அனுப்பும் பணத்துக்கு மட்டும் ஏன் ஒரு புகைப்படம் போதுமாகிறது?

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியாதவையல்ல. ‘பிரதேச சபையை உள்ளே விட்டால் அரசியல் புகுந்துவிடும்’ என்பது முதலாவது. அரசியல் எப்போதோ புகுந்துவிட்டது. எந்தப் பாடசாலைக்கு நாடாளுமன்ற உறுப்பினரின் நிதி போகிறது என்பது அரசியலன்றி வேறென்ன? கதவுக்குப் பின்னால் நடக்கும் அரசியலைக் கூட்டக் குறிப்புள்ள மேசைக்குக் கொண்டுவருவதே என் கோரிக்கை. ஆசிரியர் இடமாற்றத்திலோ மாணவர் அனுமதியிலோ சபைக்கு எந்த அதிகாரமும் வேண்டாம். பணத்தைப் பார்க்கும் உரிமை மட்டும் போதும்.

‘அதிபர்களுக்கு வேலைப்பளு’ என்பது இரண்டாவது. உண்மை. ஆகவே தவணைக்கு ஒரு பக்கம் போதும்: வந்தது எவ்வளவு, எந்த வாசலால், போனது எதற்கு. ‘கணக்குக் கேட்டால் கொடுப்பவர்கள் ஓடிவிடுவார்கள்’ என்பது மூன்றாவது. பற்றுச்சீட்டைக் கண்டு ஓடுகிற கொடையாளி ஓடட்டும். கணக்கில்லை என்பதற்காகவே கொடுக்காமல் இருப்பவர்கள் அவரைவிட அதிகமானோர் என்பதே, நீண்டகாலம் செய்தி திரட்டித் திரிந்தவன் என்ற முறையில் என் அனுபவம்.

எனவே நான் முன்வைப்பது இது. வடமராட்சி தென்மேற்குப் பிரதேச சபையும் வலயக் கல்விப் பணிமனையும் இணைந்து, உடுப்பிட்டியிலும் அயலிலுமுள்ள பாடசாலைகளுக்கு ஒரு கல்வி நிதி மன்றத்தை அமைக்கட்டும். பெரிய கல்லூரிக்கு ஒரு குரல் என்றால் சிறிய ஆரம்பப் பாடசாலைக்கும் ஒரு குரல். பெற்றோரில் பாதிப்பேர் பெண்களாக இருக்கட்டும். தவணைக்கொரு முறை மாலைநேரத்தில், வேலைக்குப் போகிறவரும் வரத்தக்கதாக, திறந்த கூட்டம் நடக்கட்டும். ஐந்து வாசல் பணமும் ஒரே தாளில் எழுதப்பட்டு, பாடசாலை வாசலிலும் சபையின் அறிவித்தற் பலகையிலும் ஒட்டப்படட்டும். வெளிநாட்டுச் சங்கங்கள் அனுப்பும் பணத்தில் ஒரு சிறு பங்கு, சங்கமில்லாத பாடசாலைகளுக்கான பொது நிதிக்குப் போகட்டும்.

இதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சபையில் ஒரு தீர்மானமும் வலயப் பணிப்பாளரின் ஒரு கடிதமும் போதும். அவர்கள் மறுத்தால் மக்களிடம் ஒரு கருவி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரச பாடசாலைக்கும் பொருந்தும், பிரதேச சபைக்கும் பொருந்தும். உள்நாட்டு நிதியில் ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டமென்றால், தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்னரே பொதுமக்களுக்கு விபரம் வெளியிட வேண்டும் என்கிறது அதன் 9ஆவது பிரிவு. எங்கள் ஊர்களில் எத்தனை கட்டடங்களுக்கு இப்படி யாராவது விபரம் கேட்டிருக்கிறோம்?

இலங்கை அரசு கல்விக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 2 சதவீதந்தான். உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட அளவுகோலோ 4 முதல் 6 சதவீதம். இது போதாது என்று கொழும்போடு சண்டை பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சண்டைக்குப் போகிறவனின் கையில் தன் ஊரின் கணக்கு இருக்க வேண்டும். சட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாதவன் அகப்பையைக் குறை சொல்லிப் பயனில்லை.

பிரதேச சபையின் புதிய உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விளையாட்டுப் போட்டிக்கு அழைப்பிதழ் வரும்போது மாலையை ஏற்றுக்கொள்ளுங்கள். அன்றைக்கே அதிபரிடம் கடந்த தவணையின் கணக்கையும் கேளுங்கள்.