அறிந்துகொள்வோம்: ஊர் மாறினாலும் மாறாத முகவரி



ஒருகொடவத்தையில் எங்கள் தையல் வகுப்புக்கு வரும் ஒரு அம்மா கடந்த மாதம் கேட்டார்: "பிள்ளை, கட்டாரில இருக்கிற மகளோட பக்கத்து வீட்டு வைஃபையில கதைச்சுக்கொண்டு கேற்றைத் தாண்டினால் குரல் நிண்டு போகுது. கொஞ்சத்தால டேட்டாவில திரும்ப வருது. ஆனா டேட்டாவில கதைச்சுக்கொண்டு பஸ்ஸில வெள்ளவத்தை மட்டும் போனாலும் அறுகிறேல்ல. ஏன்?"

நான் படித்தது சமூகவியல். எனக்கும் பதில் தெரியவில்லை. விசாரித்தபோது, இது எங்களுக்கு நன்கு பழக்கமான ஒரு விடயமாகவே இருந்தது.

இணையத்தில் சேரும் ஒவ்வொரு கைத்தொலைபேசிக்கும் இலக்கங்களால் ஆன ஒரு முகவரி கிடைக்கிறது. அது தொலைபேசி இலக்கம் அல்ல, வேறு. எங்கள் வீட்டு முகவரியில் ஊர்ப் பெயர் இருப்பது போல, எந்த வலையமைப்பில் இருக்கிறோம் என்பதும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கும். வைஃபையை விட்டு வெளியேறினால் அந்த முகவரி செல்லாது. வரும் செய்திகள் பழைய வாசலில் போய் நிற்கும். கதைத்துக்கொண்டிருந்தது அறுந்துவிடும்.

இதற்கு ஒரு வழியை 1996 ஒக்டோபரில் இணையத்தின் விதிகளை வகுக்கும் பொறியியலாளர்கள் வெளியிட்டார்கள். அந்த ஆவணத்தைத் தொகுத்தவர் சார்ள்ஸ் பேர்கின்ஸ். அவர்கள் சொன்னது இதுதான்: நடமாடும் கருவிக்கு இரண்டு முகவரிகள் இருக்கட்டும். ஒன்று மாறாத வீட்டு முகவரி. மற்றது போன இடத்தில் கிடைக்கும் தற்காலிக முகவரி. படிவங்களில் "நிரந்தர முகவரி", "தற்காலிக முகவரி" என்று எத்தனை தடவை எழுதியிருப்போம்! கடித உறையில் "மேற்பார்வை" என்று போட்டு, தங்கியிருக்கும் வீட்டுக்காரரின் பெயரை எழுதுவோமே, அதே ஏற்பாடுதான்.

சொந்த வலையமைப்பில் ஒரு முகவர் இருப்பார். மனிதர் அல்ல, ஒரு கணினி. கருவி புதிய இடத்துக்குப் போனதும் "இப்போது இங்கே இருக்கிறேன்" என்று அவருக்கு அறிவிக்கும். வீட்டு முகவரிக்கு வருவதை அவர் இன்னொரு உறைக்குள் போட்டு, புதிய முகவரி எழுதி அனுப்பிவிடுவார். அனுப்பியவருக்கு இடம் மாறியதே தெரியாது. ஆனால் இந்தப் பதிவுக்குக் காலக்கெடு உண்டு. புதுப்பிக்காவிட்டால் விழுந்துவிடும். வேறொருவர் "நான்தான் அவர், எனக்கு அனுப்புங்கள்" என்று ஏமாற்றாமல் இருக்க, அடையாளத்தையும் நிரூபிக்க வேண்டும். கிராம சேவையாளரிடம் நிற்பதை இது நினைவூட்டவில்லையா?

இதில் ஒரு குறையும் உண்டு. பக்கத்து மேசையில் இருப்பவர் அனுப்பும் செய்தியும் தூரத்து வீட்டுக்குப் போய்த்தான் திரும்பி வரும். கொழும்பில் இருந்துகொண்டு ஒரு பத்திரத்துக்காக வவுனியா வரை போய்வந்தவர்களுக்கு இந்த அலைச்சலை நான் விளக்கத் தேவையில்லை.

எங்கள் கைத்தொலைபேசியில் இதே முறை அப்படியே இல்லை என்றாலும் இதன் சாயல் இருக்கிறது. பஸ் ஓட ஓட கோபுரங்கள் மாறுகின்றன. ஆனால் நிறுவனத்தின் மையக் கணினி ஒன்று எங்கள் முகவரியைப் பிடித்து வைத்துக்கொண்டு, நாங்கள் நிற்கும் கோபுரத்துக்கு அனுப்புகிறது. அதனால் அறுவதில்லை. பக்கத்து வீட்டு வைஃபைக்கும் அந்த நிறுவனத்துக்கும் பொதுவான காவல்காரர் யாரும் இல்லை. வட்ஸ்அப் தானாகவே புதிய முகவரியில் மீண்டும் இணையும் வரைக்கும்தான் அந்த மௌனம்.

தொலைபேசி இலக்கமும் இப்படித்தான். இலங்கை சிம்மோடு கட்டாருக்குப் போனால், அங்குள்ள வலையமைப்பு எங்கள் நிறுவனத்துக்கு அறிவிக்கும். அழைப்பு இலங்கை வழியாகப் போகும். பதில் சொல்பவரிடமும் பணம் அறவிடுவார்கள். அதனால் பிள்ளைகள் அங்குள்ள சிம்மைப் போட்டு, இலங்கை இலக்கத்தை வட்ஸ்அப்பில் மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். நல்லதுதான். ஆனால் பாவிக்காத சிம்மை நிறுவனம் நிறுத்தி, அந்த இலக்கத்தை வேறொருவருக்குக் கொடுக்கலாம். புதிய தொலைபேசி வாங்கினால் உறுதிப்படுத்தும் குறியீடு பழைய இலக்கத்துக்கே வரும். வட்ஸ்அப் கணக்கும் பொதுவாக 120 நாட்கள் பாவிக்காமல் விட்டால் அழிக்கப்படும்.

இவ்வளவையும் சொன்னபோது அந்த அம்மா தன் பழைய தொலைபேசியை எடுத்துக் காட்டினார். 2008இல் கொட்டாஞ்சேனைக்கு வேலைக்குப் போன மகன் திரும்பவில்லை. அவனுக்குப் பாடமாயிருந்த இலக்கம் இது ஒன்றுதான். வீடு நாலு தடவை மாறிவிட்டது, இலக்கம் மாறவில்லை. மாதாமாதம் ரீலோட் போடுகிறார்.

"சிம் யாருடைய பெயரில் இருக்கிறது அம்மா?" என்று கேட்டேன். கணவரின் தம்பி எடுத்துக் கொடுத்ததாம், அவருடைய அடையாள அட்டையில். சிம் தொலைந்தால் அதே இலக்கத்தை அவருக்குத்தான் திரும்பக் கொடுப்பார்கள் என்றேன். அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. அவர் இப்போது மட்டக்களப்பில் இருக்கிறாராம். வருகிற மாதம் கொழும்புக்கு வரும்போது இரண்டு பேரும் அடையாள அட்டைகளோடு போய்ப் பெயரை மாற்றுவதாக இருக்கிறார்கள்.