அன்று மண்டபத்தில் சோதித்தார்கள், இன்று வைத்தியசாலையில் சோதிப்பது யார்?



நம் பாட்டன் பாட்டிமார் இந்த நாட்டுக்கு வரும் வழியில் மண்டபம் முகாமில் நிறுத்திவைக்கப்பட்டார்கள். உடம்பைச் சோதித்தார்கள், அம்மைப்பால் குத்தினார்கள், கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்தார்கள். தொழிலாளி நோயைக் கொண்டுவந்துவிடக் கூடாது என்பதே துரைமாரின் கவலை. வேலை அவனுக்கு என்ன நோயைக் கொடுக்கும் என்பது அவர்களுக்குக் கவலையில்லை.

இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் வேலை தேடிக் கொழும்புக்குப் போகிறார்கள். கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைக் கடைகளுக்கு மட்டுமல்ல, தனியார் வைத்தியசாலைகளுக்கும் போகிறார்கள். அங்கே தரை கழுவுகிறார்கள், படுக்கை மாற்றுகிறார்கள், நோயாளியைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் முதியவர்களை வீட்டோடு தங்கிப் பார்ப்பவர்களும் உண்டு.

நம் பெரியவர்கள் சயரோகம் என்று சொல்லும் காசநோய், காற்றில் பரவுவது. வழமையான ஆண்டொன்றில் இலங்கையில் சுமார் 8,000 முதல் 9,000 பேருக்கு இந்நோய் கண்டறியப்படுகிறது. கொழும்பு மாவட்டத்தில்தான் நோயாளிகள் மிக அதிகம். இருமும் நோயாளிக்குக் காசநோய் என்று டொக்டர் கண்டுபிடிக்கும் முன்னரே, அவர் கட்டிலுக்கடியில் துடைத்த பிள்ளை அந்தக் காற்றைப் பல நாள் சுவாசித்திருக்கும்.

கிருமி தொற்றிய எல்லோரும் நோயாளியாவதில்லை. நூறு பேரில் 5 முதல் 10 பேருக்கே வாழ்நாளில் நோய் வரும். முதல் இரண்டு வருடங்களில்தான் ஆபத்து கூட. அந்த நேரத்தில் கண்டுபிடித்தால் மருந்தால் தடுக்கலாம். கண்டுபிடிக்காவிட்டால்? தீபாவளிக்கு ஊர் வரும் பிள்ளையோடு இருமலும் லயன் அறைக்கு வரும். பத்தடி அறையில் பாட்டியும் கைக்குழந்தையும் அதே காற்றைத்தான் சுவாசிப்பார்கள்.

இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டுப் பாருங்கள். "அவர் எங்கள் ஆள் இல்லை, மேன்பவர் கம்பனியின் ஆள்" என்று வைத்தியசாலை கைவிரிக்கும். "வேலைத்தளம் எங்களுடையது இல்லை" என்று கம்பனி சொல்லும். காசநோய்க் கிருமி மட்டும் டொக்டர், தாதி, துப்புரவுத் தொழிலாளி என்று ஆள் பார்ப்பதில்லை.

"இந்த நாட்டில் எல்லோருக்கும் பிறந்தவுடன் பி.சி.ஜி. ஊசி போட்டாயிற்று, தோலில் குத்திப் பார்க்கும் சோதனை சரியாகக் காட்டாது" என்று ஒரு சாட்டு சொல்வார்கள். பாதி உண்மை. அந்த ஊசியால் தோல் சோதனை சிலருக்குக் குழப்பம் தரலாம். ஆனால் பி.சி.ஜி.யால் குழம்பாத இரத்தப் பரிசோதனை இருக்கிறது. எக்ஸ்ரே இருக்கிறது. மாதம் ஒருமுறை "இருமல் உண்டா, மெலிந்தாயா, இரவில் வியர்க்கிறதா" என்று கேட்கக் காசு தேவையா?

வருடா வருடம் ஊசி குத்தச் சொல்லி நாம் கேட்கவில்லை. அமெரிக்காவே 2019இல் சுகாதார ஊழியருக்கான வழிகாட்டலை மாற்றி, எல்லோருக்கும் வருடாந்தச் சோதனை தேவையில்லை என்றது. ஆனால் வேலைக்குச் சேரும்போதும், நோயாளியோடு பாதுகாப்பின்றிப் பழகிய பின்னும் சோதனை வேண்டும் என்பதை அது கைவிடவில்லை. நாம் கேட்பதும் அதுதான்.

இன்னொரு பயம் நம்மவருக்கே உண்டு. "சோதித்துப் பார்த்து நோய் என்றால் வேலை போய்விடுமே." நியாயமான பயம். வேலையை விட்டு விரட்டுவதற்கு நடத்தும் சோதனை மண்டபம் முகாமின் சோதனையேதான். தொழிலாளியைக் காக்காத சோதனை நமக்கு வேண்டாம். ஆகவே நம் கோரிக்கைகள்:

1. வைத்தியசாலையில் வேலை செய்யும் அனைவருக்கும், ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட, முதலாளி செலவில் சோதனை.

2. நோய் கண்டால் வேலை நீக்கம் கூடாது. குணமாகும்வரை சம்பளத்தோடு விடுமுறை, பின்பு அதே வேலை.

3. முடிவு தொழிலாளிக்குச் சொல்லப்பட வேண்டும், மற்றவர் வாயில் விழக் கூடாது.

4. ஜன்னல் திறந்த வார்டு, தரமான முகக்கவசம். சோதனை இவற்றுக்குப் பதிலாகாது.

5. தோட்ட மருந்துச்சாலை ஊழியர்களுக்கும் இதே உரிமை.

இது பிச்சை இல்லை. சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் காசநோய் இருக்கிறது. பாதுகாப்பான வேலைத்தளம் தொழிலாளியின் அடிப்படை உரிமை என்று அதே ஸ்தாபனம் 2022இல் பிரகடனம் செய்தது.

தாய்மாரே, தகப்பன்மாரே, கொழும்பில் இருக்கும் பிள்ளை போன் எடுத்தால் சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள், இருமலையும் கேளுங்கள். இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போகச் சொல்லுங்கள். சோதனையும் மருந்தும் இலவசம். பொதுவாக ஆறு மாதம் ஒழுங்காக மருந்து குடித்தால் குணமாகும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள், நம் பிள்ளையின் உழைப்பை எடுத்துக்கொண்டு அதன் நெஞ்சைப் பார்க்க மறுப்பவர்கள்.

அப்படி மறுக்கும் வேலைத்தளம் எது என்று உங்கள் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் சொல்லுங்கள். ஒருவர் கேட்டால் வேலை போகும். சங்கமாகக் கேட்டால் பதில் வரும்.