மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் எமது பாடசாலையின் ஆறாம் வகுப்பு மாணவருக்கு ‘எனது பெற்றோரின் ஊர்’ என்னும் தலைப்பில் ஒரு பக்கக் கட்டுரை எழுதிவருமாறு பணித்திருந்தோம். 11 கட்டுரைகள் வந்து சேர்ந்தன. எழுத்துப் பிழைகள் குறைவு. லகர ளகர ழகர பேதமும் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. ஆசிரியர் என்ற வகையில் நாம் மகிழ்ந்திருக்கவேண்டும். ஆனால் பதினொன்றிலும் குண்டு விழுந்தது, பதுங்குகுழி வெட்டப்பட்டது, சனங்கள் மூட்டைகளுடன் ஓடினார்கள். வேறொன்றும் அந்த ஊர்களில் நிகழவில்லை. ஒரு மாணவி தன் கட்டுரையை, “அங்கே பிள்ளைகள் விளையாடுவதில்லை” என்று முடித்திருந்தாள்.

அந்த வரியின்கீழ் சிவப்புப் பேனையை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தோம். இலக்கணப்படி அதில் திருத்துவதற்கு எதுவுமில்லை. அப்பிள்ளை தான் கேட்டதைத்தான் எழுதியிருக்கிறாள். சொல்லாமல் விட்டவர்கள் பெற்றோரும் எம்போன்ற ஆசிரியருமே. ஆதலால் இம்மலரில் எழுதக் கிடைத்த இடத்தை, விடுபட்டவற்றுட் சிலவற்றைச் சொல்வதற்குப் பயன்படுத்திக்கொள்கிறோம்.

எமது பிறப்பிடம் வடமராட்சியிலுள்ள ஒரு தோட்டக் கிராமம். தந்தையாரிடம் ஒரு ஹொண்டா 50 இருந்தது. வெங்காயப் பிடிகளையும் மிளகாய் மூட்டையையும் பின்னே கட்டிக்கொண்டு அவர் சந்தைக்குப் போவார். இருக்கைக்கு முன்னாலுள்ள இடைவெளியில், கைபிடியைப் பற்றிக்கொண்டு நிற்பது எமது இடம். தலைக்கவசம் கிடையாது. மாமாவும் ஏறிக்கொண்டால் மூவராகிவிடுவோம். அது பெருமைக்குரிய செயலன்று. மாணவர்கள் அதனைப் பின்பற்றலாகாது. ஆயினும் வல்லை வெளியை அடைந்ததும் முகத்தில் மோதிய காற்றை இன்றும் எம்மால் மறக்கமுடியவில்லை.

வல்லை வெளி வடமராட்சிக்கும் வலிகாமத்துக்கும் இடையே, பருத்தித்துறை வீதியிற் கிடக்கும் வெட்டவெளி. மரமில்லை, வீடில்லை; தொண்டைமானாற்று நீரேரியும் உவர்நிலமும் பாலமும்தான். வைகாசி தொடங்கிச் சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து வீசும். யாழ்ப்பாணம் நோக்கிச் சைக்கிள் மிதிப்பவர் நெஞ்சு கைபிடியில் முட்டும்படி குனிந்து போவார். திரும்பி வரும்போது அதே காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு வரும், மிதிக்கவேண்டியதே இல்லை. மார்கழியில் வாடைக் காற்று எழுந்தால் கணக்கு மாறிவிடும். போகும்போது சுகம், வரும்போது வேதனை. பருவக்காற்று என்னும் பாடத்தைப் புவியியல் நூலில் நாம் படித்தது பிற்காலத்தில்.

1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. எமக்கு வயது 12. பெற்றோல், மின்கலம், சீமெந்து, உரம் என்று பல பொருட்கள் வடக்குக்கு வருவது தடைப்பட்டது. வீதிகளில் மோட்டார் சைக்கிளின் ஓசை நின்றுபோயிற்று. சில மாதங்களுள் மீண்டும் கேட்டது. கூடவே வெண்புகையும் மண்ணெண்ணெய் நாற்றமும் வந்தன.

இதனை மாணவர்கள் விளங்கிக்கொள்ளல் நன்று. பெற்றோல் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகிக் காற்றோடு கலந்துவிடும். மண்ணெண்ணெய் அவ்வாறன்று; குளிர்ந்த இயந்திரத்துள் அது திரவமாகவே நின்றுவிடும், பற்றாது. எனவே சில துளி பெற்றோலினால் இயந்திரத்தை உயிர்ப்பித்து, அது நன்கு சூடேறியபின் மண்ணெண்ணெயைக் குடிக்க விடவேண்டும். அச்சில துளி பெற்றோலோ பொன்னைப்போல அரியது. தந்தையார் அதனை ஒரு சிறு போத்தலில் அடைத்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். போத்தலைச் சரித்துத் துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டதும் காலால் உதைப்பார். ஒன்று, இரண்டு, பத்து உதைகள். பிடித்துவிட்டால் ஒழுங்கை முழுவதும் புகையால் மறையும். நாம் ஆரவாரித்துக்கொண்டு பின்னால் ஓடுவோம். மாலையில் பிளக்கைக் கழற்றி அதிற் படிந்த கரியை அரத்தாளால் தேய்ப்பது எமது கடமை. அக்கரி நகக்கண்ணில் ஒட்டியிருந்தமைக்காக வகுப்பாசிரியரிடம் அடியும் வாங்கியிருக்கிறோம்.

பல ஆண்டுகளின்பின் இந்நாட்டு நூலகமொன்றில் வாசித்த செய்தி எம்மை வியக்கவைத்தது. சொயிச்சிரோ ஹொண்டா 1946இல், படையினர் கைவிட்ட சிறு இயந்திரங்களைச் சைக்கிள்களிற் பூட்டி விற்கத் தொடங்கினார். அக்காலத்தில் ஜப்பானிலும் பெற்றோலுக்குக் கடும் பஞ்சம். பைன் மரத்திலிருந்து எடுத்த எண்ணெயைக் கலந்தே அவற்றை ஓட்டினார்களாம். அவரது நிறுவனம் 1958இல் வெளியிட்ட சுப்பர் கப் வகை 2017ஆம் ஆண்டளவில் 10 கோடியைத் தாண்டியது. எமது சந்தியிலிருந்த திருத்துநர் இக்கதையை அறிந்திருக்கமாட்டார். ஆயினும் அதே முட்டுப்பாட்டுக்கு அதே வகையான விடையை அவரும் கண்டார்.

விளையாட்டுகளுக்கு எந்தத் தடையாலும் குறைவு வரவில்லை. மின்சாரம் இல்லாமையாற் பிள்ளைகள் வீட்டினுள் அடைந்துகிடக்கக் காரணமுமிருக்கவில்லை. சித்திரை வருடப்பிறப்புக் காலத்தில் போர்த்தேங்காய். கோயில் வீதியில் கிளித்தட்டு, கிட்டிப்புள். எங்கேனும் மாட்டுவண்டிச் சவாரி என்றால் சைக்கிளில் இருவர் இருவராகப் போய்விடுவோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைக் கையாற் சுழற்றி, டைனமோ மின்சாரத்தில் பெரியவர்கள் வானொலிச் செய்தி கேட்பார்கள். சுழற்றுவது எமது பங்கு. கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் சோரும். சிறுவர்கள் சிலவேளை வேண்டுமென்றே சோர்வதுண்டு என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறோம்.

தை பிறந்தால் வானம் முழுவதும் பட்டம். கொக்கு, பிராந்து, படலம், எட்டுமூலை என்று வகைகள் பல. வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கலன்று நடைபெறும் பட்டப்போட்டியை இன்று உலகமே இணையத்திற் பார்க்கிறது. எமக்குப் பட்டத்தைவிட விண்ணே பெரிது. வில்போல் வளைத்த தடியில் மெல்லிய நாரை இழுத்துக் கட்டிப் பட்டத்தின் தலையிற் பூட்டினால், காற்றில் அது கூவும். இரவில் பட்டத்தைப் பனையிற் கட்டிவிட்டுப் படுப்போம். விடிய எழும்போதும் கூவிக்கொண்டிருந்தால் நூல் அறவில்லை என்று பொருள். இருளில் ஊர் அடங்கிக் கிடக்க, மேலே விண் கூவும் ஒலியைக் கேட்டபடி நித்திரை கொண்ட பிள்ளைகள் நாம். அதே வானத்தில் விமானங்களும் வந்தன; உண்மைதான். இரண்டையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்பதே எமது வாதம்.

2002ஆம் ஆண்டு மாசியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகிச் சித்திரையில் ஏ-9 பாதை திறந்தது. இந்திய மோட்டார் சைக்கிள்கள் குவிந்தன. அவ்வாண்டில் ஆசிரிய நியமனம் பெற்ற நாமும் மறு ஆண்டே தவணைப் பணத்துக்கு ஒன்று வாங்கினோம். வார நாட்களில் வல்லை வெளியைக் கடந்து பாடசாலைக்கும், சனிக்கிழமைகளில் நண்பர்களுடன் மணற்காட்டுக்கும் ஓடினோம். மணற்குன்றில் ஏற்றிக்காட்டுகிறேன் என்று சபதமிட்டு அச்சு மறையப் புதைத்த ஒருவரை இம்மலரில் அடையாளங்காட்ட விரும்பவில்லை. கடற்றொழிலாளர் ஐவர் கயிறு கட்டி இழுத்து, அந்த ‘மாஸ்ரருக்கு’ நல்ல வாசகங்களும் சொன்னார்கள்.

2006 ஆவணியில் பாதை மீண்டும் மூடப்பட்டது. அதன்பின் இரவில் ஒழுங்கையில் மோட்டார் சைக்கிளின் ஓசை கேட்டால் விளக்கை அணைத்துவிட்டு மூச்சடக்கிக் கிடந்தோம். அது கடந்து போய்விட்டால் எம் வீட்டுக்கன்று என்று பொருள். எம்முடன் கற்பித்த ஒருவர் அத்தகைய ஓர் இரவின்பின் பாடசாலைக்கு வரவில்லை. எமது வாகனத்தைக் கிடைத்த விலைக்கு விற்றோம். 2010இல் இந்நாட்டுக்கு வந்தபின், மோட்டார் சைக்கிள் என்னும் சொல்லை வீட்டில் நாமோ மனைவியோ எடுத்ததில்லை. பயத்தைப் பூட்டிவைக்கப் போய், ஹொண்டா 50ஐயும் வல்லைக் காற்றையும் அதனோடு சேர்த்துப் பூட்டிவிட்டோம். பதினொரு வீடுகளிலும் இப்படியேதான் நடந்திருக்கும் என நினைக்கிறோம்.

கியூபெக் மக்களைப் பாருங்கள். இம்மாகாணத்தின் வல்கூர் என்னும் சிற்றூரிற் பிறந்த ஜோசப் ஆர்மண்ட் பொம்பார்டியே என்பவரின் இரண்டு வயது மகன், 1934ஆம் ஆண்டு மாரியில், பனி மூடிய வீதியால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழியின்றி இறந்தான். தந்தை தன் கராஜில் உழைத்துப் பனியில் ஓடும் வண்டியை உருவாக்கினார். 1959இல் வெளிவந்த ஸ்கீ-டூ, கிராமத்தவரின் மாரிகால விளையாட்டாகவே ஆகிவிட்டது. அவரது கராஜை இன்று அருங்காட்சியகத்திற் பேணுகிறார்கள். துயரத்தையும் சொல்கிறார்கள், களிப்பையும் சொல்கிறார்கள். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓடவைத்த எமது சந்தித் திருத்துநர்களின் பெயர்களை யார் எழுதிவைத்தார்கள்?

இதற்காக ஒரு சிறு முயற்சி செய்தோம். இவ்வாண்டு வைகாசியில், வகுப்பின் கடைசி அரை மணி நேரத்தில், பின்புற வாகனத் தரிப்பிடத்தில் சுண்ணக்கட்டியால் கிளித்தட்டுக் கோடுகள் கீறினோம். தமக்குள் பிரெஞ்சிலேயே பேசும் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் “காய்!”, “பழம்!” என்று கத்தினார்கள். மறித்த கையைக் கண்டு “கிளி வருது, ஓடு!” என்றான் ஒருவன். அவன் வகுப்பில் ஒரு முழு வசனம் பேசுவதற்கு நாம் இரண்டு ஆண்டுகளாகக் காத்திருந்தோம். முழங்கால் உரசிய ஒரு பிள்ளையின் தாயார் அன்றிரவே தொலைபேசியில் அழைத்தார். தமிழ் படிக்க அனுப்பினோமா, விழுந்தெழும்ப அனுப்பினோமா என்ற அவரது கேள்வி நியாயமானது. உதைபந்துக்கும் பனிச்சறுக்குக்கும் வேறு நாட்கள் உண்டு, இந்த இரண்டரை மணி நேரமாவது எழுத்தும் இலக்கணமும் படிக்கட்டும் என்று பிற பெற்றோரும் சொல்கிறார்கள். நாமும் சில ஆண்டுகளுக்கு முன் அப்படித்தான் சொன்னோம். ஆனால் ‘விண்’, ‘சோளகம்’, ‘ஒழுங்கை’ ஆகிய சொற்களைச் சொல்வதெழுதலில் மூன்று முறை கொடுத்தும் அவை நிற்கவில்லை. காயும் பழமும் ஒரே நாளில் நின்றுவிட்டன.

எனவே பெற்றோரிடம் எமது வேண்டுகோள் இது. வரும் தவணையில் சனிக்கிழமைக்கு ஒருவராக வந்து, நீங்கள் வெளியில் ஓடியாடிய ஒரு நாளைப் பத்து நிமிடம் சொல்லுங்கள். உங்கள் ஊரில் வழங்கிய சொற்களாலேயே சொல்லுங்கள். நாம் கரும்பலகையில் எழுதுகிறோம். வெயில் வந்ததும் அரை மணி நேரம் வெளியே விடுங்கள். பட்டம் மட்டும் சற்றுச் சிக்கல். விமானங்கள் இறங்கும் டோர்வலில் எட்டுமூலைப் பட்டத்தை விண் கூவ ஏற்றிவிட்டால், அதிகாரிகளுக்கு விளக்கமளிக்க எமது பிரெஞ்சு போதாது. அதற்கு ஊருக்கு வெளியே ஓரிடம் பார்ப்போம்.

மாரி முழுவதும் கராஜில் உறங்கும் மோட்டார் சைக்கிள்கள் வேனிலில் ஏரிக்கரை வீதிக்கு வருவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். கடந்த ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அப்படிச் சில சென்றபோது, “அப்பாவுக்கும் ஓடத் தெரியுமா?” என்று எமது மகன் கேட்டான். அன்றிரவு உணவு மேசையில் ஹொண்டா 50ஐப் பற்றிச் சொல்லத் தொடங்கினோம். மண்ணெண்ணெய், புகை, பத்து உதை எல்லாம் சொல்லி, தாத்தா பெற்றோலைச் சோடாப் போத்தலில் வைத்திருந்தார் என்றோம். பதினைந்து ஆண்டுகளாக அதைப்பற்றி வாய்திறவாத மனைவி அடுப்பங்கரையிலிருந்து குரல் கொடுத்தார்:

“சோடாப் போத்தல் சட்டைப்பையுக்கை கொள்ளுமே? உங்கடை ஐயா வைச்சிருந்தது இருமல் மருந்துப் போத்தல். எங்கடை அப்பாவும் அதுதான் வைச்சிருந்தவர்.”

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.