இடுப்புல துப்பாக்கியா, பையில பேனாக்கத்தியா?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. போன வாரம் எங்க பெரிய மாமா வீட்டுல நடந்த பேச்சு, இனியும் தள்ளிப்போட முடியாதுன்னு ஆக்கிடுச்சு. பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உக்காந்துடுங்க.

மாமாவுக்குக் குறிஞ்சிப்பாடி பக்கம் நாலு ஏக்கர் முந்திரித் தோப்பு. அவங்க அப்பா காலத்து மரமெல்லாம் 2011 டிசம்பர் 30-ஆம் தேதி காலையில தானே புயல்ல வேரோட சாஞ்சு போச்சு. கடலூர் மாவட்டத்துக்காரங்களுக்கு அந்தத் தேதியை நான் ஞாபகப்படுத்தணும்னு அவசியமில்லை. பலா, முந்திரி ரெண்டும் ஒரே ராத்திரியில போன வருஷம் அது. அப்புறம் ஒட்டுக்கன்னு வாங்கி வச்சு, தண்ணி ஊத்தி, வருஷக்கணக்கா காத்திருந்து, இப்பதான் தோப்பு தோப்பா இருக்கு. அந்த நேரம் பார்த்து ராத்திரியில முந்திரிக்கொட்டை திருட்டு ஆரம்பிச்சிருக்கு. போன சீசன்ல காவலுக்குப் போன மாமாவை யாரோ தள்ளிவிட்டுட்டு ஓட, மனுஷனுக்கு இடது மணிக்கட்டு எலும்பு முறிஞ்சுது. வயசு அறுபத்தி மூணு.

போன ஞாயித்துக்கிழமை கூப்பிட்டாரு. போனா, மேஜை மேல ஒரு கத்தைப் படிவம்.

"மாப்ள, இதை இங்கிலீஷ்ல நிரப்பிக் குடு. துப்பாக்கி லைசென்சு."

"தோப்புக்கு நாட்டுத் துப்பாக்கி மாதிரி நீளமானதா மாமா?"

"அதைத் தூக்கிக்கிட்டு யாருடா அலையறது? சின்னதா, இடுப்புல சொருகிக்கற மாதிரி. வெளியில தெரியக்கூடாது."

குடும்பத்துல எல்லாருக்கும் மனு எழுதிக் குடுக்கற ஆள் நான்தான். ரேஷன் கார்டுல இருந்து பட்டா மாறுதல் வரைக்கும் என் கையெழுத்துதான். ஆனா இந்தப் படிவத்துல பேனாவை வைக்க மனசு வரல. ஏன் வரலைன்னு அவர்கிட்ட அப்பவே ஒழுங்கா சொல்லத் தெரியல. அதான் இங்க எழுதறேன்.

முதல்ல நடைமுறையைப் பார்ப்போம். நம்ம ஊர்ல துப்பாக்கி வச்சிருக்கறதுக்கு 1959-ஆம் வருஷ ஆயுதச் சட்டமும் 2016-ஆம் வருஷ ஆயுத விதிகளும்தான் அடிப்படை. 21 வயசு ஆகியிருக்கணும். மாவட்டத்துல கலெக்டர்கிட்ட மனு, அப்புறம் போலீஸ் விசாரணை. துப்பாக்கியைப் பாதுகாப்பா கையாளப் பயிற்சி எடுத்த சான்று வேணும். வீட்டுல பத்திரமா பூட்டி வைப்பேன்னு உறுதிமொழி வேணும். 2019-ல வந்த திருத்தத்துக்கு அப்புறம் உரிமம் அஞ்சு வருஷத்துக்கு. 9 மில்லிமீட்டர் மாதிரி ரகமெல்லாம் பொதுமக்களுக்குக் கிடையாது. பெரும்பாலும் .32 தான். கான்பூர் தொழிற்சாலையில 2014-ல பெண்களுக்குன்னு சொல்லி 'நிர்பீக்'னு ஒண்ணு கொண்டுவந்தாங்க. அரைக் கிலோ எடை, அப்பவே விலை ஒண்ணேகால் லட்சத்துக்குக் கிட்ட. அதே காசுல தோப்பைச் சுத்திக் கம்பிவேலியே போடலாம்னு நான் சொன்னதுக்கு மாமா முறைச்சாரு.

ஒரு வேடிக்கை தெரியுமா? சினிமாவுல காட்டற மாதிரி துப்பாக்கி வெளியில தெரியற மாதிரி கெத்தா நடக்கறதை நம்ம விதிகள் அனுமதிக்கலை. பொது இடத்துல கைத்துப்பாக்கி உறைக்குள்ள, முழுசா மூடியபடி, நம்ம கட்டுப்பாட்டுல இருக்கணும். மறைச்சு வைக்கறதுதான் இங்க சட்டம். எடுத்து ஆட்டிக் காட்டினா உரிமமே போயிடும். கல்யாண சந்தோஷத்துல வானத்தைப் பார்த்துச் சுட்டாக்கூட ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில்னு 2019 திருத்தம் சொல்லுது.

சரி, மாமாவோட ஒரு நாளை எடுத்துக்குவோம். வேட்டி, பச்சை பெல்ட்டு, அதுல பணம், வெத்தலைப் பொட்டலம், மூக்குக்கண்ணாடி. இதுக்கு நடுவுல அரைக் கிலோ இரும்பு. காலையில வாய்க்கா பக்கம் குளிக்கப் போறப்ப அதை எங்க வைப்பாரு? பஸ்ஸுல கூட்டத்துல நசுங்கி நிக்கறப்ப ஒரு கையை இடுப்புலயே வச்சிருக்கணும். மத்தியானம் திண்ணையில தூங்கறப்ப பேரப்பசங்க வயித்து மேல ஏறி விளையாடுவாங்க, அப்ப? திருவிழாச் சந்தை, சாமி ஊர்வலம், பொதுக்கூட்டம், பள்ளிக்கூட வளாகம் இங்கெல்லாம் கொண்டுபோகக் கூடாதுன்னு உரிமத்தோட நிபந்தனை இருக்கு. வடலூர் தைப்பூசத்துக்குப் போகாம இருக்கற ஆளா அவரு? அன்னிக்கு வீட்டுல பூட்டிட்டுப் போனா, வீட்டுல திருடன் வந்தா போச்சு. கொட்டையைத் திருட வந்தவன் துப்பாக்கியோட போவான்! தேர்தல் அறிவிச்சா ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டு வந்து, முடிஞ்சப்புறம் போய் வாங்கணும். இன்னிக்கு ரெண்டு கட்டிங் போடலாமான்னு நினைக்கறப்பகூட இடுப்புல இருக்கறது ஞாபகம் வரணும் (மாமா மன்னிக்கவும்).

மொத்தத்துல துப்பாக்கி மாமாவைக் காவல் காக்காது. மாமாதான் இருபத்திநாலு மணி நேரமும் அதுக்குக் காவல் நிக்கணும். ஏற்கனவே தோப்புக்குக் காவல், இதுல இது வேற.

அடுத்தது இதைவிடப் பெரிய விஷயம். துப்பாக்கி இருந்தாலும் எப்ப சுடலாம்? தற்காப்பு உரிமை நம்ம சட்டத்துல உண்டு. முன்னாடி இந்திய தண்டனைச் சட்டத்துல இருந்துச்சு, 2024 ஜூலை 1-லேருந்து பாரதிய நியாய சன்ஹிதாவுல இருக்கு. ஆனா தேவைக்கு மேல தீங்கு செய்ய உரிமை இல்லை. உயிருக்கோ பெரிய காயத்துக்கோ நியாயமான பயம் இருக்கணும். ராத்திரியில வீட்டை உடைச்சு உள்ள வர்றவன் கதை வேற. தோப்புல கீழ கிடக்கற கொட்டையைப் பொறுக்கிட்டு ஓடறவனை முதுகுல சுட எந்தச் சட்டமும் அனுமதி தரல. சுட்டா கொலைக் கேஸ்தான். நாலு ஏக்கரும் வக்கீல் ஃபீஸுக்கே போயிடும்.

"போலீஸ் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுது, அப்ப நாங்க என்னதான் பண்றது?"ன்னு மாமா கேட்டாரு. நியாயமான கேள்வி. "வெள்ளைக்காரன் 1878-ல நம்ம ஆயுதத்தைப் பிடுங்கச் சட்டம் போட்டான், இன்னும் அதே புத்தியில இருக்கோம்"னு சொல்ற நண்பர்களும் எனக்கு உண்டு. அந்தச் சட்டம் ஐரோப்பியர்களுக்கு விலக்குக் குடுத்துட்டு நம்மளை மட்டும் நெருக்குனது உண்மை. அமெரிக்காவைக் காட்டுறவங்களும் உண்டு. அங்க வெளியில கைத்துப்பாக்கி எடுத்துட்டுப் போறது அடிப்படை உரிமைன்னு 2022-ல அவங்க உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. பாதிக்கு மேல மாநிலங்கள்ல தனி உரிமம்கூட வேணாம். ஆனா அங்க எதிர்ல வர்றவன் இடுப்புலயும் ஒண்ணு இருக்கும்ங்கறதையும் சேர்த்துதானே யோசிக்கணும்?

நம்ம ஊர்ல மறைச்சு வச்ச துப்பாக்கின்னா எனக்கு ஞாபகம் வர்றது 1967 ஜனவரி 12. ராமாவரம் தோட்டத்துல எம்.ஜி.ஆரைப் பார்க்கப் போனவர் எம்.ஆர்.ராதா. அந்நியன் இல்லை, திருடனும் இல்லை. கூட நடிச்சவரு, வீட்டுக்குள்ள உக்காந்து பேசற அளவுக்குப் பழக்கம். பேச்சு நடந்த இடத்துலயே துப்பாக்கியும் வெடிச்சுது. எம்.ஜி.ஆருக்குக் கழுத்துல குண்டு, ராதாவுக்கும் காயம். ரெண்டு பேரும் பிழைச்சாங்க. ஆனா எம்.ஜி.ஆரோட குரல் பழையபடி திரும்பல, ராதா ஜெயிலுக்குப் போனாரு. துப்பாக்கி இல்லாம இருந்திருந்தா அன்னிக்கு என்ன ஆகியிருக்கும்? சத்தம் போட்டிருப்பாங்க, சட்டையைப் பிடிச்சிருப்பாங்க, ஒரு ரெண்டு வருஷம் பேசாம இருந்திருப்பாங்க. இடுப்புல இருக்கற துப்பாக்கி எதிரி வர்ற வரைக்கும் காத்திருக்காது மக்களே. நமக்குக் கோவம் வந்தாலே அதுக்குப் போதும்.

இப்ப பேனாக்கத்திக்கு வர்றேன். "நீ மட்டும் பையில கத்தி வச்சிருக்கியே"ன்னு மாமா மடக்குனாரு. வச்சிருக்கேன், இருபது வருஷமா. மூணு அங்குலத்துக்கும் குறைவான அலகு, மடக்குற ரகம். சாக்குக் கயிறு அறுக்க, மாங்கா சீவ, ஒயர் தோல் உரிக்க, பார்சல் பிரிக்க. ஒரு நாளைக்கு அஞ்சு தடவையாவது வெளிய வரும். கேட்டவங்களுக்காக என் அனுபவத்துல சில குறிப்பு:

பட்டன் அமுக்கினா பாயற கத்தி வேணவே வேணாம். டெல்லியில 1980-லயே அதுக்குத் தனி அறிவிக்கை போட்டுட்டாங்க. கையில வச்சிருந்தாலே வில்லன் லுக்கு வேற.

ஆயுத விதிகள் சொல்ற அளவு, 9 அங்குலத்துக்கு மேல நீளமோ 2 அங்குலத்துக்கு மேல அகலமோ உள்ள அலகு. அதுலயும் வீட்டு வேலை, விவசாயம், தொழில் இதுக்காகச் செஞ்ச கத்திகளுக்கு விலக்கு உண்டு. அதனாலதான் இளநீர் அரிவாளுக்கு யாரும் லைசென்சு கேக்கறதில்லை. ஆனா அதே அரிவாளை ராத்திரி பத்து மணிக்குச் சட்டைக்குள்ள சொருகிட்டுத் திரிஞ்சா கேப்பாங்க. கேக்கணும்.

அலகு விரிஞ்சதும் பூட்டிக்கற ரகம் விரலுக்கு நல்லது. அழுத்தி அறுக்கறப்ப திடீர்னு மடங்கி வெட்டாது. லண்டன்ல இருக்கற நண்பர்கள் கவனிக்க: அங்க காரணம் இல்லாம வச்சுக்கலாம்னா மூணு அங்குலத்துக்குள்ள, பூட்டாத மடக்குக்கத்தி மட்டும்தான். சிங்கப்பூர்ல சரியான காரணம் சொல்லத் தெரியலைன்னா வம்பு.

கடல் காத்து அடிக்கற ஊர்ல சாதா இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். எவர்சில்வர் அலகு வாங்குங்க. பலாப்பழம் அறுக்கறதுக்கு முன்னாடி தேங்காண்ணெய் தடவணும்னு பண்ருட்டிப் பக்கத்து ஆளுங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மடக்குற மூட்டுல மாசம் ஒரு சொட்டு எண்ணெய்.

விமானத்துல கைப்பையில வேணாம், உள்ள போடற பெட்டியில வைங்க. இல்லைன்னா என்னை மாதிரி மீனம்பாக்கத்துல குப்பைத்தொட்டிக்கு தானம் பண்ணிட்டு, ஊருக்குப் போற வரைக்கும் துக்கம் அனுசரிக்கணும் :(

அப்புறம் முக்கியமானது. யாரோடயாவது வாக்குவாதம்னா கை அந்தப் பை பக்கமே போகக்கூடாது. தற்காப்புக்குன்னு நினைச்சு பேனாக்கத்தி வாங்கறவங்க தயவுசெஞ்சு வாங்காதீங்க. கத்திச் சண்டையில ஜெயிச்சவனும் ஆஸ்பத்திரிக்குத்தான் போறான்.

2024 நாடாளுமன்றத் தேர்தல் சமயத்துல ஒரு சோதனைச் சாவடியில வண்டியை நிறுத்துனாங்க. பணம் இருக்கான்னு தேடினவர் கையில என் கத்தி மாட்டுச்சு. "எதுக்கு சார் இது?"ன்னாரு. பின்சீட்டுல இருந்த பலாப்பழத்தைக் காட்டினேன். விரிச்சுப் பார்த்தாரு, பிசின் ஒட்டியிருந்துச்சு. சிரிச்சுட்டு குடுத்துட்டாரு. கத்தியைப் பத்தி இதுதான் என் கட்சி. எதுக்குன்னு கேட்டா சொல்லறதுக்கு ஒரு வேலை இருக்கணும், அந்த வேலையோட கறை அதுல இருக்கணும். மாமா கேக்கற சாமானுக்கு ஒரே ஒரு வேலைதான். அது நடக்கவே கூடாதுன்னுதான் நாம எல்லாருமே வேண்டிக்கறோம்.

இதெல்லாம் சொல்லியும் மாமா அசையல. கடைசியா அவரே ஒண்ணு சொன்னாரு. "அன்னிக்கு ராத்திரி கையில இருந்திருந்தா சுட்டிருப்பேன்டா."

அன்னிக்கு ராத்திரி அவரைத் தள்ளிவிட்டவன் யாருன்னு எங்க குடும்பத்துக்கே தெரியும். ரெண்டு நாள் கழிச்சு அவன் அம்மா கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்து வாசல்ல நிறுத்துச்சு. அந்தம்மா முந்திரி உடைக்கற வேலைக்குப் போறவங்க. ஓட்டு எண்ணெய் பட்டுப் பட்டு விரலெல்லாம் கறுத்துப் போயிருக்கும். பையனுக்குப் பத்தொன்பது வயசு. மாமா கட்டுப்போட்ட கையோட உக்காந்து அவனை அரைமணி நேரம் திட்டினாரு. புகார் குடுக்கல. அத்தை உள்ளேருந்து ரெண்டு பேருக்கும் காப்பி கொண்டாந்தாங்க.

"இருந்திருந்தா அவனைத்தானே மாமா சுட்டிருப்பீங்க?"ன்னு கேட்டேன். பதில் இல்லை. எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாரு.

திருட்டுக்கு வழி என்னன்னு கேட்டா, என்கிட்ட மந்திரமெல்லாம் இல்லை. விழுந்த கொட்டையை அன்னன்னிக்குச் சாயந்திரமே பொறுக்கிடறது, பக்கத்துத் தோப்புக்காரங்களோட சேர்ந்து முறைவச்சு ரெண்டு ரெண்டு பேரா காவல், ஒரு நல்ல டார்ச்சு, குலைக்கற நாய் ஒண்ணு. அறுபத்தி மூணு வயசுல தனியா இருட்டுல போகாம இருக்கறது. இதுல எதுக்கும் கலெக்டர் ஆபீஸ் போக வேணாம்.

படிவத்தை நான் நிரப்பல. அவரும் கிழிச்சுப் போடல. பீரோவுல பட்டா பத்திரத்துக்கு அடியில இருக்கு. அடுத்த சீசனுக்குள்ள மறுபடி கூப்பிடுவாருன்னு நினைக்கறேன். அவருக்குச் சொல்ல உங்ககிட்ட இதைவிட நல்ல பதில் இருந்தா பின்னூட்டத்துல போடுங்க, அப்படியே படிச்சுக் காட்டறேன்.

டிஸ்கி: மாமா இணையம் பக்கமே வரமாட்டார்ங்கற தைரியத்துலதான் கட்டிங் மேட்டரை எழுதியிருக்கேன். யாரும் போட்டுக் குடுத்துடாதீங்க சாமிகளா :)