சீனியர் ரிப்போர்ட்டும் நம்ம புராஜெக்ட்டும்



கடைசி செமஸ்டர் வந்தாலே நாம் முதலில் தேடுவது சீனியர்களின் புராஜெக்ட் ரிப்போர்ட்டைத்தான். தலைப்பு மாறும், பெயர் மாறும். 'வாட்டர்ஃபால் மாடல்' படம் மட்டும் மாறவே மாறாது! பால் சொசைட்டி கணக்கானாலும் க்விஸ் ஆப் ஆனாலும் அதே கட்டங்கள், அதே அம்புக்குறி. இது சரியா?

அந்தப் படத்துக்கு வேர், 1970-ல் வின்ஸ்டன் ராய்ஸ் என்ற அமெரிக்கர் எழுதிய கட்டுரை. ஒரே தடவையில் மேலிருந்து கீழே இறங்கிப் போவது ஆபத்து என்று அவரே அதில் எழுதியிருக்கிறார். நாம படத்தை எடுத்துக்கிட்டு எச்சரிக்கையை விட்டுட்டோம்! அதற்காக, 2001-ல் 'அஜைல்' அறிக்கை வந்துவிட்டது என்று எல்லோரும் 'ஸ்க்ரம்' என்று எழுதினால் அதுவும் காப்பிதான்.

1990-களில் வளர்ந்த 'மெத்தட் இன்ஜினியரிங்' வேறு வழி சொல்கிறது. நெதர்லாந்து நாட்டு பிரிங்கெம்பர் 1996-ல் எழுதிய கட்டுரை இதில் முக்கியமானது. புரோட்டோடைப், டேட்டா ஃப்ளோ டயகிராம், கோட் ரிவ்யூ, டெஸ்ட் கேஸ் எல்லாம் தனித்தனி பாகங்கள். நம் வேலையின் நிலவரம் பார்த்து வேண்டியதை எடுக்க வேண்டும். ஒன்றிலிருந்து வெளிவருவது அடுத்ததற்குள் பொருந்துகிற மாதிரி கோர்க்க வேண்டும். அவ்வளவுதான்.

பால் சொசைட்டியில் கொழுப்பு பார்த்து விலை போடும் விதி முன்பே தெரியும். ஆனா கணக்கு தப்பினா மாடு வச்சிருக்கவங்க வயித்துல அடி. அங்கே டெஸ்ட் கேஸ்தான் முதலில். பழைய நோட்டுக் கணக்கோடு ஒத்துப் பார்க்கணும். க்விஸ் ஆப்பில் எது பிடிக்கும்னு யாருக்கும் தெரியாது. அங்கே புரோட்டோடைப் போட்டு வாராவாரம் காட்டித் திருத்தணும்.

இது நம்ம உத்திரமேரூருக்குப் புதுசா? வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்து 919, 921-ம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டுமான சபை அது. அந்தக் குறை இருக்கட்டும். குடவோலை என்ற ஒரே முறையில்தான் எல்லா வாரியத்துக்கும் ஆள் எடுத்தார்கள். ஆனால் தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். சம்வத்சர வாரியத்துக்கோ, முன்பே மற்ற வாரியங்களில் இருந்தவர்கள் வேண்டும். இரண்டே வருஷத்தில் விதிகளைத் திருத்தவும் செய்தார்கள்!

"இஷ்டத்துக்கு விட்டால் பசங்க வேலையே செய்ய மாட்டாங்க" என்பார்கள். கொத்து வேலை செய்யும் எங்கப்பா, மண்ணைப் பார்த்துத்தான் கடைக்கால் ஆழம் சொல்லுவார். ஆனா தளம் போட்டபின் தண்ணி விடறதை எந்த வீட்டிலும் நிறுத்த மாட்டார். எது மாறலாம், எது மாறக்கூடாது என்று தெரிவதுதான் தொழில். டெஸ்டிங்கை விட்டுவிட்டு அதற்கு 'எங்க மெத்தட்' என்று பெயர் வைக்க முடியாது.

எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். நம்மில் பலர் அப்படித்தான். வீட்டில் கேட்க ஆளில்லாததால் ரெடிமேட் ஃபார்மட் பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் "ஏன் இந்த முறை?" என்று இன்டர்வியூவில் கேட்டால் சீனியர் ரிப்போர்ட் வந்து பதில் சொல்லாது.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று. ஒவ்வொரு ரிப்போர்ட்டின் முதலிலும் ஒரு பக்கம்: எந்தப் பாகத்தை எடுத்தோம், எதை விட்டோம், ஏன்? முதல் ரிவ்யூவிலேயே கைடு அதைக் கேட்கட்டும்.

ஒரு பக்கம்தான் நண்பர்களே, அதை நாமே எழுதுவோம்!